சிவப்புத் தொப்பிக்காரி

எஸ்கோவுக்கு வயர் இல்லாத எதன் மீதும் நம்பிக்கை கிடையாது. காற்றில் போகிற சமாச்சாரம் காற்றோடு போய்விடும் என்பது அவன் கட்சி. சவுனா என்கிற நீராவிக் குளியலறையை ஒட்டிய பின்னறையில் பழைய பனிச்சறுக்குக் கட்டைகளும் ஜாம் பாட்டில்களும் குவிந்து கிடந்தன. அவற்றைக் காலிசெய்து, ஒரு சுவர் முழுக்க டிவியும் மூலைக்கு மூலை ஸ்பீக்கரும் இரண்டு சாய்வு நாற்காலிகளும் போட்டு அதற்குத் 'தியேட்டர்' என்று பெயரும் வைத்த நாளிலிருந்து அவனுக்கு ஒரே ஆசைதான். தரைக்கு அடியில் வயரை ஓட்டி, இரண்டு நாற்காலியின் கைப்பிடியிலும் ஆளுக்கொரு கேம் கன்ட்ரோலரைக் கட்டிப்போட்டுவிட வேண்டும். வயர் இல்லாத கன்ட்ரோலரில் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் பொம்மை குதிப்பதற்கும் நடுவில் ஒரு குட்டித்தூக்கம் போட்டு எழுந்துவிடலாம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். இன்ஷூரன்ஸ் ஆபீசில் நாள் முழுக்க விபத்துகளைப் பற்றியே படிக்கிறவன், வீட்டிலாவது எல்லாம் கட்டுக்குள் இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

அவன் மனைவி ஹெல்காவுக்கு அக்டோபர்வரை வயரும் ஒன்றுதான், வயர் இல்லாததும் ஒன்றுதான். நவம்பரில் அவள் திடீரென்று மாறிவிட்டாள். அந்தத் தியேட்டருக்குள் ஒரு வயர்கூட வரக் கூடாது, கால் தடுக்கும், தூசி சேரும், பார்க்கவே அசிங்கம் என்று அடித்துப் பேசினாள். தரைக்கு அடியில் போகிற வயர் எப்படிக் காலைத் தடுக்கும் என்று எஸ்கோ கேட்டதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உண்மையான காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காரணம், அவர்களுடைய ஒரே மகள் வில்யா.

ஆகஸ்டில் ஒரு சண்டை நடந்தது. வில்யா தெற்கே துர்க்கு நகரத்தில் நர்ஸ் படிப்பில் சேர்ந்து, பாதியில் விட்டுவிட்டு, ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்ல வீட்டுக்கு வந்திருந்தாள். அதற்கு முன்னால் வேறொரு படிப்பையும் அவள் இப்படித்தான் விட்டிருந்தாள். ஹெல்கா காபியை ஊற்றிக்கொண்டே, நீ எதைத்தான் உருப்படியாக முடித்திருக்கிறாய், இதை முடிப்பதற்கு, என்று கேட்டுவிட்டாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. வில்யா பையை எடுத்துக்கொண்டு அன்றைய ரயிலுக்கே கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு அப்பாவிடம் மட்டும்தான் பேச்சு. சனிக்கிழமைதோறும் எஸ்கோ சமையலறையில் நின்று மகளோடு போனில் பேசுவான், ஹெல்கா அடுத்த அறைக்குப் போய்விடுவாள். முதலில் நான் ஏன் கூப்பிட வேண்டும் என்ற வீம்பு இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்தது. அது தாயிடமிருந்து மகளுக்கு வந்த சொத்துதான்.

நவம்பர் வந்தால் வடக்கே எங்கள் ஊரான ஊலுவில் பகல் என்பது பேச்சுக்குத்தான். மூன்று மணிக்கெல்லாம் கடல் பக்கம் நீலம் பூத்து, அந்த நீலம் முற்றத்துப் பனியிலும் ஜன்னலிலும் ஊறி, வீடே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் ஆகிவிடும். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் ஹெல்கா அந்த நேரத்துக்கு வீடு திரும்பி, கம்பளிக் காலுறையோடு தியேட்டருக்குள் போய், விளக்குப் போடாமல் உட்கார்ந்து, ஒரே ஒரு கேமைத்தான் விளையாடுவாள். மகளும் அவளும் வில்யாவின் பள்ளி நாட்களிலிருந்து சேர்ந்து விளையாடியது அது. மூடுபனி இறங்கிய ஒரு காடு. கையில் லாந்தர் பிடித்த இரண்டு குள்ளமான பொம்மைகள். நீலத் தொப்பிக்காரி ஹெல்கா, சிவப்புத் தொப்பிக்காரி வில்யா. இருவரும் சேர்ந்துதான் காட்டைக் கடக்க முடியும். ஒருத்தி நின்றுவிட்டால் மற்றவள் கொஞ்ச தூரம்தான் போகலாம், அதற்குமேல் திரை இடம் கொடுக்காது. சண்டைக்குப் பிறகு நீலத் தொப்பி மட்டும் காட்டின் வாசலிலேயே சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தது. அதற்குப் பெயர் விளையாட்டு இல்லை என்று ஹெல்காவுக்கும் தெரியும்.

அப்படி ஒரு நாள் சுற்றிக்கொண்டிருக்கும்போது, திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம் பிறந்தது. சிவப்புத் தொப்பி வந்து நின்றது. தலைக்குமேல் எப்போதும்போல் பெயர்: வில்யா.

ஹெல்கா பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். அதில் யாரும் இல்லை. இப்போதெல்லாம் ஒரே கேமை உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாப்பாட்டு வரிசையில் பேசுவதை அவள் கேட்டிருக்கிறாள். துர்க்குவில் தன் அறையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், மகள் இந்தக் காட்டுக்குள் வந்திருக்கிறாள். சிவப்புத் தொப்பி ஒரு தரம் குதித்தது. லாந்தரை அணைத்தது, ஏற்றியது. மறுபடி குதித்தது.

"வந்துட்டியாடி" என்று ஹெல்கா திரையைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாளும் சிவப்புத் தொப்பி வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. நேரம் தவறவில்லை. ஹெல்கா கேமைத் திறந்து சற்று நேரத்துக்குள் அந்த வெளிச்சம் வந்துவிடும். ஆனால் ஒரு விஷயம். சிவப்புத் தொப்பி குதிக்கும், லாந்தரை ஆட்டும், நடக்க மட்டும் நடக்காது. நின்ற இடத்தை விட்டு அசையாது. நீலத் தொப்பி பாலம்வரை போய், திரை இடிக்க, திரும்பி வரும். கோபம் இன்னும் தீரவில்லை என்று ஹெல்கா புரிந்துகொண்டாள். சின்ன வயசிலும் வில்யா இப்படித்தான், கடைத்தெருவில் முறுக்கிக்கொண்டு நின்றாளானால் அவளை அசைக்க ஒரு ஊரே வேண்டும். வந்து நிற்கிறாள் அல்லவா, அது போதாதா? நடக்கிறபோது நடக்கட்டும். ஹெல்கா இதுவரை எதற்கும் காத்திருந்தவள் இல்லை. இப்போது நீலத் தொப்பியைச் சிவப்புத் தொப்பியின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மூடுபனி மரங்களுக்கு நடுவில் நகர்வதை இருவருமாகப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகினாள். அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே நிஜப் பனி இறங்கும். எது உள்ளே எது வெளியே என்று சில நாள் அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

கிளம்பும்போது ஒரு பொத்தானை அழுத்துவாள். நீலத் தொப்பி தன் இடுப்பு மணியை அடிக்கும், அடித்தால் எதிராளியின் கன்ட்ரோலர் கைக்குள் பூனைக்குட்டிபோல் உறுமும். பழைய நாட்களில் அதற்கு, போதும், சாப்பிட வா, என்று அர்த்தம். துர்க்குவில் மகளின் உள்ளங்கை இப்போது உறுமியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுந்திருப்பாள்.

அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? எங்கள் ஊரில் இரண்டு பேர் ஒரு படகில் அரைநாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்குள் தகராறு என்று யாரும் நினைக்க மாட்டார்கள், நல்ல நெருக்கம்போல என்றுதான் நினைப்பார்கள். பேச்சு என்பது எங்களுக்கு வெளியாட்களோடு வைத்துக்கொள்கிற மரியாதை. சொந்தம் என்றால் சும்மா இருப்பது. ஆகையால் மகள் தினம் வந்து சும்மா நின்றது ஹெல்காவுக்குச் சமாதானமாகவே பட்டது. ஓரிரு முறை போனைக் கையில் எடுத்தாள். பேசப்போய் ஏதாவது ஏடாகூடமாகச் சொல்லி, கிடைத்ததும் கெட்டுவிட்டால்? போனைக் கீழே வைத்துவிட்டாள்.

எஸ்கோவிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவன் அதைப் பிரித்துப் பார்ப்பான்.

டிசம்பரில், எங்கள் நாட்டுச் சுதந்திர தினத்தின் வழக்கப்படி ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த அன்றைக்குத்தான் அது நடந்தது. சிவப்புத் தொப்பி குதித்தது, லாந்தரை ஆட்டியது. பிறகு, யாரோ தூக்கத்தில் புரள்வதுபோல, இடது பக்கமாக அரை அடி நகர்ந்தது. நின்றது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. மறுபடி இன்னொரு அரை அடி. நீலத் தொப்பி நின்றிருந்த பக்கம் அது.

ஹெல்கா அழுதாள். கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் பக்கம் வந்துவிட்டாள், என் பொண்ணு என் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டாள். அன்று எஸ்கோ வீட்டுக்கு வந்தபோது வீடெல்லாம் ஏலக்காய் மணம். மனைவி ரொட்டி சுட்டு அடுக்கிக்கொண்டே ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் கேட்டது. அவன் கொஞ்சம் பயந்தே போனான்.

அந்த வாரக் கடைசியில் வயர் வந்து சேர்ந்தது. பெரிய அட்டைப்பெட்டி நிறைய, வளையம் வளையமாக, கூடவே இரண்டு புதுக் கன்ட்ரோலர்கள். கிறிஸ்துமஸுக்குள் போட்டு முடித்துவிட வேண்டும் என்று சனிக்கிழமை காலையிலேயே எஸ்கோ துளைபோடும் மெஷினை எடுத்துவிட்டான். ஹெல்கா தியேட்டரின் வாசலில் நின்றுகொண்டாள். அவளுக்குத் தெரிந்தமட்டில், வயர் வந்தால் காற்றின் வழி அடைபடும், மகள் வந்து நிற்க இடமிருக்காது. அதை அவளால் சொல்லவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

"சார்ஜ் போட வேணாம், பாட்டரி மாத்த வேணாம், அழுத்தினா உடனே குதிக்கும். இதுல உனக்கு என்ன கஷ்டம்?" என்றான் எஸ்கோ.

"எனக்கு மெதுவா குதிச்சாப் போதும்."

"தரையில ஒரு வயர்கூடத் தெரியாது ஹெல்கா."

"எனக்குத் தெரியும்ல, அடியில இருக்குன்னு."

இந்த மாதிரிப் பதிலுக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் எந்தப் பிரிவும் இல்லை. எஸ்கோ மெஷினை வைத்துவிட்டு சவுனாவைச் சூடாக்கப் போனான். மத்தியானத்துக்கு மேல் போன் அடித்தது, மகளோடு பேச ஆரம்பித்தான். ஹெல்கா வழக்கம்போல் எழுந்து தியேட்டருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நீலம் இறங்கிக்கொண்டிருந்தது. காட்டைத் திறந்தாள். சற்று நேரத்தில் சிவப்பு வெளிச்சம் வந்தது, ஒரு குதி குதித்தது.

அப்போது எஸ்கோ போனைக் காதில் வைத்தபடியே கதவைத் திறந்தான். கிறிஸ்துமஸுக்கு வந்தால், திரும்பும்போது சாமான் எடுத்துப்போக அந்தப் பெரிய சூட்கேஸ் வேண்டுமாம், வீட்டில் அது எங்கே இருக்கிறது என்று வில்யா கேட்கிறாளாம்.

ஹெல்கா திரையையும் போனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அவ எங்க இருக்கா இப்ப?"

"பஸ்ல. நின்னுகிட்டு வர்றாளாம். ஒரு கையில கேக் பெட்டி, ஒரு கையில போன்."

திரையில் சிவப்புத் தொப்பி லாந்தரை அணைத்தது. ஏற்றியது.

"கேம் விளையாடுறாளா?"

"பஸ்லயா?" என்று எஸ்கோ சிரித்தான். "அவளோட கேம் மெஷினைத்தான் செப்டம்பர்லயே வித்துட்டாளே, கட்டில் வாங்கணும்னு. உனக்குத் தெரியாதா?" பிறகுதான் அவன் திரையைப் பார்த்தான். மகளிடம் அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லி போனை வைத்தான். "இது யாரு? வில்யான்னு பேர் போட்டிருக்கு?"

சில விஷயங்கள் உடைகிறபோது சத்தமே வராது. ஹெல்கா நடந்ததை எல்லாம் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள். எஸ்கோ சிரிக்கவில்லை. அதை அவன் கணக்கில் நல்லதாகவே எழுதிக்கொள்ளலாம். வெகுநேரம் தலையைச் சொறிந்தான். பிறகு சொன்னான். அக்டோபரில் குடியிருப்பில் எல்லாரும் கூடி முற்றத்தில் உதிர்ந்த இலைகளை வாரிய நாள் நினைவிருக்கிறதா? வேலை முடிந்து சூப் குடித்தபோது, வேண்டாத பொருட்களை வைக்க ஒரு மேசை போட்டிருந்தார்களே, யாருக்குத் தேவையோ எடுத்துக்கொள்ளலாம் என்று. அதில் அவன் வில்யாவின் பழைய கன்ட்ரோலரைக் கொண்டுபோய் வைத்துவிட்டான். வயர்தான் வரப்போகிறதே என்று நினைத்தானாம். யாரோ எடுத்திருக்கிறார்கள். அந்தக் கன்ட்ரோலர் இந்த வீட்டு மெஷினோடு, வில்யாவின் பெயரிலேயே இணைத்து வைத்தது. இணைப்பை யாரும் அறுக்கவில்லை. அதன் அலை அடுத்த வீட்டைத் தாண்டாது, ஆகையால் எவரோ சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுத்த, அது சுவரைத் தாண்டி வந்து இங்கே குதிக்கிறது.

"இதுக்குத்தான் வயர் வேணும்ங்கறேன்" என்று அவன் முடித்தான். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் எஸ்கோ எஸ்கோதான். "இந்த ரெண்டாவது வயரைச் சொருகினாப் போதும், அந்த ஆளு இடம் இல்லாமப் போயிடுவான். சொருகட்டுமா?"

திரையில் சிவப்புத் தொப்பி இடது பக்கமாக அரை அடி நகர்ந்தது.

மகள் இல்லை. எந்த நாளும் மகள் இல்லை. ஹெல்கா கன்ட்ரோலரை நாற்காலியில் வைத்தாள். யாருடைய கையையோ மகளின் கை என்று இத்தனை நாள் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். வயரைச் சொருகிவிட்டால் இந்த வெட்கம் இந்த அறையோடு முடியும். ஆனால் அவளால் அதைச் சொல்ல முடியவில்லை. தன் பெண்ணாக இருந்தது யார் என்று ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும்போல் இருந்தது.

"சொருகாதே. வர்றேன்" என்று எழுந்தாள்.

வரிசை வீடுகளுக்குப் பொதுவான அந்தச் சுவருக்கு அப்பால் இருப்பது கலெர்வோவும் அவர் மனைவி சில்வியும். பதினோரு வருஷப் பக்கத்து வீடு. இலை வாரும் நாளில் துடைப்பத்தைக் கொடுத்து வாங்கியதைத் தவிர வேறு உறவு இல்லை. எங்கள் குடியிருப்பில் யாராவது முற்றத்தில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தால், அவர்கள் முடித்து உள்ளே போகும்வரை நாம் வீட்டுக்குள் கோட்டைப் போட்டுக்கொண்டு காத்திருப்போம், எதிர்ப்பட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்று. செப்டம்பரில் அந்த வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றதை ஹெல்கா பார்த்தாள். என்ன ஏது என்று கேட்பது மூக்கை நுழைப்பதாகிவிடும் என்று விட்டுவிட்டாள். இப்போது மிச்சமிருந்த ஏலக்காய் ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் மணியை அழுத்தினாள்.

சில்வி கதவைத் திறந்து, யாரோ செத்துவிட்டார்களா என்று கேட்கிற முகத்தோடு பார்த்தாள். பிறகு ரொட்டியைப் பார்த்து, வழிவிட்டு, காபி போட்டாள். உள்ளறையில், சுவரை ஒட்டிய நாற்காலியில் கலெர்வோ உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டிய மனிதர். வாயின் ஒரு பக்கம் தொங்கியிருந்தது. மடியில் ஒரு தலையணை, தலையணைமேல் கன்ட்ரோலர். அதன் பின்பக்கம் வில்யா பள்ளி நாட்களில் நகச்சாயத்தால் வரைந்த நட்சத்திரம் பாதி உரிந்து கிடந்தது. இடது கை ஒரு பொருளைப்போல எடுத்து அதன்மேல் வைக்கப்பட்டிருந்தது.

சில்வி தாழ்ந்த குரலில் சொன்னாள். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது. வலது கை தேறிவிட்டது. இடது கை அவ்வளவுதான், அதை மறந்துவிட்டு ஒரு கையால் வாழப் பழகுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கிரேன் ஓட்டினவருக்குக் கையில் ஏதாவது பிடி இருந்தால்தான் உயிர் இருக்கும். அதனால் இலை வாரிய அன்று மேசையில் கிடந்த இதை எடுத்து வந்தாள். எதிலும் சேர்க்கவில்லை, சேர்க்கத் தெரியவும் தெரியாது. சும்மா விரலுக்கு வேலை. ஆனால் மூன்று மணிக்குமேல்தான் இதன் விளக்கு அணையாமல் நின்று எரிகிறது என்று அவராகக் கண்டுபிடித்து, அந்த நேரத்துக்காகவே காத்திருக்கிறார்.

"அது மட்டும் இல்லைங்க" என்று சில்வி குரலை இன்னும் இறக்கினாள். "தினம் முடிக்கிற நேரத்துல இது கைக்குள்ள உறுமுதுன்னு சொல்றாரு. அதுவும் அந்த இடது கையில. அந்தப் பக்கம் யாரோ இருக்காங்கங்கறாரு. இந்த வியாதிக்கு அப்படியெல்லாம் தோணும்னு நர்ஸ் சொன்னாங்க. நானும் ஆமா ஆமான்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்."

ஹெல்கா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அவளிடம் அப்போது ஒரே ஒரு சொத்துதான் இருந்தது. சுதந்திர தினத்தன்று சிவப்புத் தொப்பி எடுத்து வைத்த அரை அடி. மகள் இல்லை என்று தெரிந்த பிறகும் அவள் மனசு அதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கன்ட்ரோலரில் குதிக்கும் பொத்தானும் லாந்தர் பொத்தானும் வலது கைக்கு. நடப்பது மட்டும் இடது கட்டைவிரல் குமிழ். இத்தனை வாரமாக நடக்காமல் நின்றது கோபம் இல்லை. நடந்தது சமாதானமும் இல்லை. அந்த அடி இந்த மனிதருடையது. கொடுத்துவிட வேண்டியதுதான்.

"அவரோட இடது கை அசையுது" என்றாள் ஹெல்கா.

"இல்லைங்க. நான் தினம் பார்க்கிறேனே."

"கண்ணுக்குத் தெரியாது. ரொம்பக் கொஞ்சம். நான் பார்த்திருக்கேன். கொஞ்சம் என்கூட வர்றீங்களா?"

சில்வி கோட்டுப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் பின்னால் வந்தாள். தியேட்டரின் நீல இருட்டில் எஸ்கோ கையில் வயரோடு எழுந்து நின்று, சாய்வு நாற்காலியைக் காட்டினான். அவள் உட்காரவில்லை. திரையில் மூடுபனி நகர்ந்துகொண்டிருந்தது. நடுவில் சிவப்புத் தொப்பி, தனியாக, லாந்தரைப் பிடித்துக்கொண்டு. ஹெல்கா சுருக்கமாக விளக்கிவிட்டு, தன் கன்ட்ரோலரை எடுத்து மணியை அடித்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு குரல் கேட்டது. வார்த்தை இல்லை.

பிறகு சிவப்புத் தொப்பி நகர்ந்தது. இடது பக்கம் அரை அடி. நின்று, எதையோ யோசிப்பதுபோல் நின்று, மறுபடி அரை அடி. பனியில் அதன் சின்னக் கால்தடங்கள் பதிந்தன. நீலத் தொப்பி பக்கத்திலேயே போனது. இன்னும் ஓர் அடி. இருவரும் அந்தப் பாலத்தை நோக்கி நகர நகர, திரை மெதுவாக வழிவிட்டு, இத்தனை நாள் தெரியாத மரங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குள் வந்தன.

"அது அவரா?" என்று சில்வி கேட்டாள்.

"அவர்தான்."

சில்வி போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றாள். அவள் தோள் குலுங்கியது. எஸ்கோ எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கையில் இருந்த வயரைப் பார்த்தான். பிறகு அதைப் பொறுமையாகச் சுருட்டி, முடிச்சுப் போட்டு, பெட்டிக்குள் வைத்தான். என் நாற்காலிக்கு மட்டும் வயர் போட்டுக்கொள்கிறேன், அந்த இரண்டாவது இடம் அப்படியே காற்றிலேயே இருக்கட்டும் என்றான். வாழ்நாளில் காற்றுக்கு அவன் கொடுத்த முதல் மரியாதை அது.

சில்வி வந்ததைவிட வேகமாக வீட்டுக்குப் போனாள். எஸ்கோவும் ஏதாவது தூக்க வேண்டியிருக்கும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு கூடவே போனான். சுவர் வழியாக மூன்று பேரின் சத்தம் கேட்டது. ஹெல்கா சமையலறையில் தனியாக நின்று போனை எடுத்தாள். இந்த முறை கீழே வைக்கவில்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று நினைக்கும்போது எடுத்தாள்.

"அப்பாவுக்கு என்னாச்சு?" என்றாள் வில்யா. அம்மா கூப்பிட்டால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

"அப்பா நல்லாத்தான் இருக்கார். நான்தான். சும்மா கூப்பிட்டேன்."

"சும்மாவா. ஆகஸ்ட்லேர்ந்து ஒரு தடவை கூப்பிட்டியாம்மா நீ? என் பொறந்தநாள் போச்சு. காய்ச்சல்ல கிடந்தேன், அப்பாகிட்ட சொன்னேன், நீ கூப்பிடுவேன்னு நினைச்சுக்கிட்டுப் போனைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்."

ஹெல்காவுக்கு அந்த நாள் தெரியும். நவம்பர் கடைசி. எஸ்கோ காய்ச்சலைப் பற்றிச் சொன்னான். அன்று சிவப்புத் தொப்பி வழக்கத்தைவிட அதிகமாகக் குதித்தது. சரி, தேறிவிட்டாள் என்று நிம்மதியாகத் தூங்கப் போனாள். மகள் துர்க்குவில் காய்ச்சலோடு போனைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

"நான் உன்கூடத்தான் இருந்தேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் வில்யா" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். காட்டை, சிவப்புத் தொப்பியை, நடக்காமல் நின்றதை, அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டதை, ஓர் அடி நகர்ந்தபோது அழுததை, அது பக்கத்து வீட்டுக் கலெர்வோவின் செத்த கை என்பதை.

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. இத்தனை வாரமாக ஹெல்கா நம்பி வாழ்ந்த அதே மௌனம்தான். இப்போது அதைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"வில்யா, சும்மா இருக்காதே. நீ சும்மா இருந்தா எனக்குப் புரியும்னு நினைச்சேன். எனக்கு ஒண்ணுமே புரியலை. வாயைத் திறந்து ஏதாவது சொல்லு. திட்டணும்னாத் திட்டு."

வில்யா திட்ட ஆரம்பித்தாள். முதலில் திக்கித்திக்கி, பிறகு சரளமாக. ஆகஸ்ட் காபி மேசையில் தொடங்கி, பின்னோக்கிப் போய், முதல் படிப்பு, அதற்கு முந்திய பனிச்சறுக்குப் போட்டியில் கடைசியாக வந்தபோது அம்மா காருக்குள் ஒரு வார்த்தையும் பேசாமல் ஓட்டி வந்தது, எல்லாம் வந்தது. ஹெல்கா சமையலறைச் சுவரில் சாய்ந்து, மெதுவாகச் சரிந்து, தரையில் உட்கார்ந்து கேட்டாள். சவுனா சூடேறி, யாரும் வராமல் காத்திருந்தது. எங்கோ நடுவில் மகள் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றாள் ஹெல்கா.